ஓலை கட்டிய கடல்

சிலாவத்துறை, முசலி
04.08.2024

தம்பி பைசருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று அம்போன் துறைமுகத்து ஏஜென்ட் சொன்னான். அல்லாஹ் உன்னைச் சுகத்தோடு வைத்திருக்கட்டும். எனக்குச் சீனி வருத்தம் ஒரு கட்டுக்குள் நிற்கிறது. கண்தான் மங்கிக்கொண்டு போகிறது. ஆகவே நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது உன் மனைவி நசீறா. நீ எழுதுகிற பதிலையும் அவள்தான் எனக்கு வாசித்துக் காட்டுவாள். அதை நினைவில் வைத்துக்கொண்டு எழுது.

இந்தக் காலத்தில் கடிதம் ஏன் என்று கேட்பாய். அங்கே சிக்னல் இல்லையாம், அது ஒன்று. மற்றது, உன் குரலில் எப்போதும் கொஞ்சம் தேன் தடவியிருக்கும். கேட்கிறவளுக்கு இனிக்கும், பிறகுதான் வயிற்றைக் கலக்கும். காகிதத்தில் தேன் ஒட்டாது. எழுதிப் படகுக்காரனிடம் கொடு. ஏஜென்ட் படம் பிடித்து என் போனுக்கு அனுப்புவான். என்னுடையதை அவன் அச்செடுத்து உனக்கு அனுப்புவான்.

ஊரைப் பற்றி எழுது. எத்தனை வீடு, யார் பெரியவர், யார் சொன்னால் கேட்பார்கள், யாருக்கு யாரோடு கோபம். ஊரை அறியாமல் கடலட்டை வாங்கப் போகிறவன் வெறும் கையோடுதான் வருவான். சிங்கப்பூர்ச் சீனனுக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

இன்னொரு வாக்கும் கொடுத்திருக்கிறேன். உன் மாமனார் சாஹுல் ஹமீட் காக்காவின் வாசலில் நின்று, “உங்கட மருமகனை நான் கொண்டுபோறன், நோன்புக்கு முன்னம் கொண்டுவந்து தருவன்” என்று சொன்னேன். நீயும் பக்கத்தில்தான் நின்றாய். இந்த வியாபாரத்தில் நான் தவணை தப்பினவள் இல்லை.

கொட்டிலில் அட்டை அவிக்கிற ராக்கம்மா கேட்கிறாள்: “எங்கம்மா தேயிலைத் தோட்டத்துல அட்டை மனுசனப் புடிக்கும். இங்க மனுசன் அட்டையப் புடிக்கிறான். சின்ன மொதலாளி போன ஊருல எது எதப் புடிக்குமோ?” நசீறா இதை எழுதும்போது சிரித்தாள்.

உன் மகள் அஸ்னா பள்ளிக்கூடம் போகிறாள். நசீறா தன் பங்குக்கு எழுத ஒன்றும் இல்லை என்கிறாள். வஸ்ஸலாம்.

உன் ராத்தா,
சரீபா


நமலாத்து
29.08.2024

அன்புள்ள ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உங்கள் கண்ணுக்கும் சீனிக்கும் துஆச் செய்கிறேன். நான் நல்ல சுகம்.

அம்போனிலிருந்து ஒரு கப்பல், பிறகு ஒரு படகு, பிறகு இன்னும் சின்னப் படகு. அதோடு உலகம் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு இந்த ஊர். இரண்டு வரிசை வீடுகள், நடுவில் வெள்ளைப் பள்ளிவாசல். முன்னால் கடல், பின்னால் கராம்பு மரங்கள் நிற்கிற மலை. கராம்பை ரோட்டிலேயே பாய் விரித்துக் காயப்போடுகிறார்கள், நடக்கிறவன்தான் ஒதுங்க வேண்டும். ஊர் முழுக்க கறித்தூள் டப்பாவைத் திறந்தது போல ஒரு மணம். சோறு குறைவு. ஒரு மரத்தின் தண்டைச் சீவி, அதில் மா எடுத்துக் களி கிண்டுகிறார்கள். கூழுக்கும் பசைக்கும் நடுவில் ஒரு சாமான். மீன் குழம்பில் தோய்த்து மெல்லாமல் விழுங்க வேண்டும். கரண்ட் மாலையில் மட்டும்.

ஊர்த் தலைவரை ராஜா என்று கூப்பிடுகிறார்கள். ராஜா காலையில் இடுப்பில் சாரத்தோடு நின்று கோழிக்குத் தீன் போடுகிறார். நான் தங்கியிருப்பது ஹலீமா என்ற விதவை அம்மாவின் வீட்டில். அவருடைய மகள் வாஹிதா பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள், கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். எனக்கு வாய் அவள்தான்.

இனிக் கெட்ட செய்தி. கடல் பூட்டிக் கிடக்கிறது. ஆழமில்லாத இடத்தில் ஒரு கம்பு நட்டு, அதில் குருத்தோலை கட்டியிருக்கிறார்கள். ஒரு ஜும்ஆ நாளில் இமாம் துஆ ஓதி மூடினாராம். அதை மறுபடி திறக்கும் வரை அந்தக் கடலடிப் பாரில் ஒரு அட்டையும் யாரும் எடுக்கக் கூடாது. வலை, தூண்டில், சுழியோட்டம், ஒன்றும் கூடாது. படகில் போகிற பொம்பிளைகள் கையைக்கூடத் தண்ணீரில் விடுவதில்லை. என்னைப் போன்ற வெளியாட்கள் அந்தப் பக்கம் கால் நனைக்கவும் கூடாதாம். ஒரு துண்டு ஓலைக்கு ஒரு ஊரே பயப்படுகிறது. நம் பக்கம் நேவி நின்றாலும் இப்படிப் பயப்பட மாட்டார்கள்.

அஸ்னாவுக்கு என் முத்தம். நசீறாவைத் தேடினதாகச் சொல்லுங்கள்.

தம்பி,
பைசர்


சிலாவத்துறை
16.09.2024

தம்பி பைசருக்கு,

ஸலாம். இங்கே எல்லோரும் சுகம். அஸ்னாவுக்குச் சளி, தடிமன் வந்து மாறிவிட்டது. களி கிண்டுகிற விதத்தை நசீறா திருப்பித் திருப்பி வாசித்தாள். “மெல்லாமல் விழுங்குறதெண்டால் இவருக்கு வயிறு ஊதுமே” என்கிறாள். இஞ்சி போட்டுக் குடி என்று எழுதச் சொன்னது அவள்தான். சொன்னதும் எழுதினதும் அவளே என்றபடியால் நான் ஒப்பம் மட்டும்.

அந்த ஓலைக்காரர்களைப் பார்த்துச் சிரிக்காதே. நம் கடலுக்கு யாரும் ஓலை கட்டவில்லை. சிலிண்டரை முதுகில் கட்டி, லைட் அடித்து அள்ளினார்கள். அள்ளினவர்களுக்குக் காசு கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. அதில் எனக்கு வெட்கம் இல்லை, வீடு கட்டினேன். ஆனால் இப்போது சுழியோடிகள் மண்ணைப் பார்த்துவிட்டு மேலே வருகிறார்கள். அதனால்தான் நீ அங்கே இருக்கிறாய். பூட்டி வைத்திருக்கிற கடையில்தான் சரக்கு இருக்கும்.

ஆகவே கவலைப்படாதே, வேலையைப் பார். மூடின கடலுக்கு ஒரு சாவி இருக்கும். அது ராஜாவிடம் இருக்கிறதா, இமாமிடமா, அல்லது வேறு யாருடைய மடியிலா என்று தேடிப் பிடி. எந்த ஊரிலும் வெளியாளை உள்ளாளாக்குகிற ஒரு வழி இருக்கும். எப்படி என்பதை நீ பார்த்துக்கொள், எனக்கு விளக்கம் வேண்டாம். சரக்கு வேண்டும்.

ராத்தா,
சரீபா


நமலாத்து
20.10.2024

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். படகு பிந்தியதால் பதிலும் பிந்திவிட்டது. இஞ்சி குடித்தேன், வயிறு பழகிவிட்டது.

ஒரு வெட்கக்கேட்டைச் சொல்கிறேன், சிரியுங்கள். கரையோரம் நடக்கும்போது முழங்கால் தண்ணீரில் ஒரு அட்டை கிடந்தது. நம் வெள்ளை அட்டையைவிடத் தடிப்பு. தரம் பார்க்கலாம் என்று கையில் எடுத்துவிட்டேன். விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காவல்காரக் கிழவர் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். அடிக்கவில்லை, ஏசவில்லை. ஒரு வாளித் தண்ணீரில் அதைப் போட்டு, அடுத்த ஜும்ஆ வரை பள்ளிவாசல் வாசலில் வைத்தார்கள். நாளுக்கு இரண்டு தரம் தண்ணீர் மாற்றுவது என் வேலை. தொழுகை முடிந்ததும் ஊர் பார்த்திருக்க, அந்த வாளியை நான் தூக்கிக்கொண்டு போய், எடுத்த இடத்திலேயே அட்டையைத் திருப்பி விட வேண்டும். விட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை, ராத்தா. சிரித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

பிறகு ராஜா என் தோளில் கை வைத்து ஒன்று சொன்னார். வாஹிதா அதை இங்கிலீஷில் சொன்னாள்: “நீ கெட்டவன் இல்லை. நீ வெளியாள், அவ்வளவுதான்.”

நீங்கள் கேட்ட சாவியை விசாரித்தேன். கடல் திறக்கிற நாளில் இறங்க இரண்டு விதமான ஆட்களுக்குத்தான் உரிமை. இந்த ஊரில் பிறந்தவர்கள். இந்த ஊரில் பெண் எடுத்து, அந்தப் பெண்ணின் வீட்டில் இருக்கிறவர்கள். மூன்றாவது வழி இல்லை. இங்கே ஒரு வாத்தியார் இருக்கிறார். வந்து இருபது வருடம். ஊருக்கே எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். மனைவி வெளியூர். அவரும் கரையில்தான் நிற்க வேண்டுமாம். அவர் முகத்தைப் பார்த்தேன், பழகிவிட்டது போல இருந்தது.

நான் கரையில் நின்று, எடுத்தவர்களிடம் வாங்கலாம். ஆனால் நல்லதை முதலில் உறவுக்காரருக்குத்தான் ஒதுக்குவார்களாம். எதற்கும் நோன்புக்கு முன் திறந்துவிடுவார்கள், சரக்கோடு நானும் வந்துவிடுவேன். ஹமீட் மாமாவுக்குச் சொல்லுங்கள்.

தம்பி,
பைசர்


சிலாவத்துறை
18.11.2024

தம்பி பைசருக்கு,

ஸலாம். மழை பிடித்துக்கொண்டது. கொட்டிலுக்குள் தண்ணீர் வந்து ராக்கம்மாவின் அடுப்பு அணைந்துவிட்டது. வாளிக் கதையை அவளுக்குச் சொன்னேன். “ஒரு அட்டைக்கு நாளைக்கு ரெண்டு தரம் தண்ணி மாத்துனாரா? இங்க இருக்கும்போது அவரு குளிச்ச வாளியக்கூட கவுத்து வைக்க மாட்டாரே” என்றாள். ஹமீட் காக்காகூடச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, “சரீபா, மருமகன் நோன்புக்கு வருவார்தானே?” என்றார். “ஓம் காக்கா” என்றேன்.

நசீறாவுக்கு மன்னார்ப் பக்கம் தையல் பெக்டரியில் வேலை கிடைத்திருக்கிறது. மேசன் வேலைக்குப் போகிற ரவிச்சந்திரனின் பெண்சாதி மேரிசெல்வி அங்கே லைன் பொறுப்பு, அவள்தான் சொல்லி வைத்தாள். விடிய பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும், பொழுதுபடக் கொண்டுவந்து விடும். நசீறா மாட்டேன் என்றுவிட்டாள். “அவர் வாற நேரம் வீடு பூட்டிக் கிடக்கக் கூடாது” என்கிறாள். இதை எழுத மாட்டேன் என்று பேனையை வைத்தாள். எழுது என்று நான்தான் அதட்டினேன். அந்த இடத்தை மேரிசெல்வி பெருநாள் முடியும் வரை பிடித்து வைத்திருக்கிறாளாம்.

வாஹிதாப் பிள்ளைக்கு என் ஸலாம் சொல். நல்ல உதவி.

ராத்தா,
சரீபா


சிலாவத்துறை
05.01.2025

தம்பி பைசருக்கு,

ஸலாம். உன் கடிதம் இல்லை. ஏஜென்ட், காற்றுக் காலம், படகு ஓடவில்லை என்கிறான். சுகமாக இருக்கிறாயா என்று மட்டுமாவது எழுது. அஸ்னாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. வாப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு தீப்பெட்டிக்குள் வைத்திருக்கிறாள். நீ வரும் வரை அந்தத் தீப்பெட்டியை யாரும் தொடக் கூடாதாம்.

சரீபா


நமலாத்து
09.02.2025

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் சுகம். மேல்காற்று அடித்து முடிந்துவிட்டது. அலை ரோடு வரைக்கும் வந்தது. கூரைத் தகரம் இரண்டு பறந்துவிட்டது, மேலே ஏறி ஆணி அடித்தேன். ஆம்பிளை ஒருத்தன் பார்த்துச் செய்யாவிட்டால் வீடு நிற்காது. இப்போது எனக்கு அவர்களுடைய பேச்சு விளங்கும், யாரும் மொழி மாற்றித் தரத் தேவையில்லை. களியைக் கிண்டவும் தெரியும்.

ஊர் என்னோடு நல்ல மாதிரி. போன மாதம் பள்ளிவாசலில் ஒரு சாப்பாடு நடந்தது. எல்லோரும் வந்து கை கொடுத்தார்கள்.

ஒரு சின்னச் சிக்கல். கடலை நோன்புப் பெருநாளுக்குப் பிறகுதான் திறப்பதாகப் பேசி முடித்திருக்கிறார்கள். இந்த நேரத்தில் நான் எழுந்து வந்தால் பட்ட பாடெல்லாம் வீண். ஆகவே நோன்புக்கு வர முடியாது. ஹமீட் மாமாவிடம் நீங்கள் பேசுகிற விதமாகப் பேசுங்கள், உங்கள் சொல்லை அவர் தட்ட மாட்டார். பல்லைக் கவனமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.

தம்பி,
பைசர்


சிலாவத்துறை
26.02.2025

தம்பி பைசருக்கு,

ஸலாம். ஹமீட் காக்காவிடம் போனேன். கதிரை போட்டு உட்கார வைத்தார், பிளேன்டி தந்தார். கேட்டு முடிய, “நீ கொண்டுபோனாய், நீ கொண்டுவந்து தா” என்றார். பெருநாள் கழியட்டும் என்று நான் தவணை வாங்கிக்கொண்டு வந்தேன். என் வாழ்க்கையில் நான் கேட்ட முதல் தவணை.

ஒரு விசயம் விளங்கவில்லை. வெளியாளுக்கு நல்ல சரக்குக் கிடைக்காது என்று நீயே எழுதினாய். இப்போது பட்ட பாடெல்லாம் வீண் போகும் என்கிறாய். அப்படியென்றால் ஏதோ ஏற்பாடு நடந்திருக்கிறது. என்ன ஏற்பாடு?

நசீறா நோன்புக்கு வீடு வெள்ளையடித்து முடித்துவிட்டாள். மற்ற கேள்விகளை உன்னிடம் நேரில் கேட்பாளாம்.

சரீபா


நமலாத்து
20.04.2025

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் வாழ்த்து எல்லோருக்கும். சந்தோசச் செய்தி: கடல் திறந்துவிட்டது.

இப்படி ஒரு நாளை நான் கண்டதில்லை. விடிய முன்னமே பள்ளிவாசல் மேளம். ஊர் முழுக்க வெள்ளை உடுத்துக் கரையில் நின்றது. இமாம் துஆ ஓதினார், காவல்காரக் கிழவர் தண்ணீரில் நடந்து போய் அந்தக் காய்ந்த ஓலையை வெட்டிவிட்டார். அவ்வளவுதான், ஒரு கூச்சல். கிழவி, குமரி, பிள்ளைகள் எல்லாம் கூடையோடு பாய்ந்தார்கள். நானும் இறங்கினேன். தண்ணீர் பளிங்கு மாதிரி. இரண்டு வருடம் மூடிக் கிடந்த பார், ராத்தா. கால் வைக்க இடமில்லாமல் அட்டை. ஒவ்வொன்றும் முன்கை நீளம். ராஜா என்னைக் கண்டு கூப்பிட்டுச் சிரித்தார், நானும் கூடையைத் தூக்கிக் காட்டினேன். பாவம், அந்த வாத்தியார் மட்டும் குடையோடு கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு கை அசைத்தேன்.

எங்கள் பங்கு முழுவதையும் அவித்து, உப்பிட்டு, காய வைத்து மூட்டை கட்டியாகிவிட்டது. அக்கம்பக்கத்தவர்களும் தங்களுடையதை எனக்கே தந்தார்கள். முதல் தரம். அம்போனில் கப்பல் ஏறுகிறது. சிங்கப்பூர்ச் சீனன் உங்கள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றுவான்.

வேலை கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. முடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

தம்பி,
பைசர்


சிலாவத்துறை
14.06.2025

பைசருக்கு,

ஸலாம். எழுத்துக் கோணலாக இருக்கும். மன்னாரில் கண்ணாடி ஒன்று வாங்கிவிட்டேன், இனி நானே வாசித்து நானே எழுதுவேன். இதை நசீறா பார்க்கவில்லை.

உன் கடைசிக் கடிதத்தை வாசித்துக் காட்டியது அவள்தான். நோன்புப் பெருநாளுக்கு எடுத்த சீலையோடு இருந்தாள். “நானும் இறங்கினேன்” என்ற இடத்தில் நிறுத்தினாள். “என்ன, எழுத்து விளங்கேல்லையோ?” என்று கேட்டேன். “விளங்குது மதினி” என்றாள். எழும்பிப் போய் ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மிச்சத்தை வாசித்தாள். குரல் மாறவில்லை. வாத்தியார் குடையோடு நின்றதையும் வாசித்தாள்.

நான் மூட்டையைக் கையால் தூக்கிப் பார்த்து உள்ளே மண் இருக்கிறதா என்று சொல்கிறவள். என்னிடம் கடிதத்தில் மண் போடுகிறாயா? பிறந்தவன் இறங்கலாம், பெண் எடுத்தவன் இறங்கலாம், மூன்றாவது வழி இல்லை என்று எழுதியது உன் கை. இருபது வருடம் இருந்தவன் கரையில் நிற்க, எட்டு மாதம் இருந்தவன் கூடையோடு தண்ணீரில் நிற்கிறான். நீ அங்கே பிறக்கவில்லை. உன்னைப் பெற்றது இங்கே என் உம்மா.

வாஹிதா என்று ஒரு பெயர் முதல் இரண்டு கடிதத்திலும் இருந்தது. நான் ஸலாம் சொன்ன பிறகு அந்தப் பெயரே இல்லை. பள்ளிவாசலில் ‘ஒரு சாப்பாடு’ நடந்தது, ஊரே வந்து உனக்குக் கை கொடுத்தது. யாருடைய சாப்பாடு, பைசர்? ‘எங்கள் பங்கு’ என்றால் யாருடைய பங்கு?

மார்க்கத்தில் இடம் இருக்கிறது என்று சொல்வாய். இடம் இருக்கிறது, ஒளிக்க இடம் இல்லை. நசீறா கேட்டு அழுதிருப்பாள், ஏசியிருப்பாள், பிறகு ஒரு முடிவு எடுத்திருப்பாள். அந்த முடிவைத்தான் நீ அவளிடமிருந்து எடுத்துவிட்டாய். ஒரு வருடமாக வீட்டைப் பூட்டாமல் காத்திருக்க வைத்திருக்கிறாய். பெக்டரியில் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டது.

ஏன் இவ்வளவு நாள் பொறுத்து எழுதுகிறேன் என்று நினைப்பாய். சரக்கு சிங்கப்பூரில் இறங்கட்டும் என்று பொறுத்தேன். அதை நான் ஒளிக்கவில்லை.

ஓம் அல்லது இல்லை. இரண்டில் ஒன்றை எழுது.

சரீபா


நமலாத்து
06.07.2025

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கண் தெளிந்தது கேட்டுச் சந்தோசம்.

கோபத்தில் எழுதியிருக்கிறீர்கள். நான் கோபிக்கவில்லை. மூடின கடலுக்கு ஒரு சாவி இருக்கும், தேடிப் பிடி என்று எழுதியது நீங்கள். வெளியாளை உள்ளாளாக்க ஒரு வழி இருக்கும், விளக்கம் வேண்டாம், சரக்கு வேண்டும் என்று எழுதியதும் நீங்கள். நான் விளக்கம் எழுதவில்லை. சரக்கு அனுப்பினேன். அது முதல் தரம் என்று சீனன் சொன்னதாக ஏஜென்ட் சொன்னான்.

இந்த ஊரில் பாரை மறுபடியும் மூடிவிட்டார்கள். அடுத்த தரம் திறக்கும்போது நான் இங்கே இருந்தால்தான் உங்களுக்குச் சரக்கு. அதை யோசித்துப் பாருங்கள். நீங்கள் யோசிக்கத் தெரிந்தவர்.

இங்கேயும் சில பொறுப்புகள் வந்துவிட்டன. கார்த்திகை மட்டில் ஆஸ்பத்திரிச் செலவு ஒன்று இருக்கிறது. நசீறாவிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம், அவளுக்கு மனம் தாங்காது. அஸ்னாவின் பல்லைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி,
பைசர்


சிலாவத்துறை
10.08.2025

பைசருக்கு,

ஸலாம். நான் சுகம். மற்றவர்களின் சுகத்தை இனி நீ என்னிடம் கேட்காதே.

உன் கடிதம் வந்த அன்றே எடுத்துக்கொண்டு நசீறாவிடம் போனேன். குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். “ஒரு விசயம் சொல்லவேணும் புள்ள” என்றேன்.

“சொல்லுங்கோ மதினி.”

சொன்னேன். அவள் மீனைக் கழுவி முடித்தாள்.

“அந்தக் கடிதத்த வாசிச்சது நான்தானே” என்றாள்.

“பிறகேன் ஒண்டும் சொல்லேல்ல?”

“நீங்கள் சொல்லுவீங்களோ எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். ஹஜ்ஜுப் பெருநாளும் போச்சு, சொல்லேல்ல. கப்பல் போய்ச் சேந்துதெண்டு சந்தோசமா ராக்கம்மாக்குச் சொன்னீங்கள், எனக்குச் சொல்லேல்ல. அதுக்குப் பிறகுதானே நீங்கள் கண்ணாடி வாங்கினது.”

கடிதத்தை மடித்து மடியில் செருகினேன்.

“மூடின கடலுக்கு ஒரு சாவி இருக்குமெண்டு எழுதினதும் என்ர கைதான்” என்றாள். “நீங்கள் சொன்னீங்கள், நான் எழுதினன். இஞ்சி போட்டுக் குடிக்கச் சொல்லி அதே தாளில எழுதினன்.”

அவள் காதியாரிடம் பிரிவு கேட்டு மனுப் போட்டுவிட்டாள். ஹமீட் காக்கா கூடவே போனார். வழியில் என்னைக் கண்டும் சைக்கிளை நிறுத்தவில்லை. மேரிசெல்வி மறுபடியும் கேட்டுப் பார்த்து, பெக்டரியில் ஒரு இடம் கிடைத்திருக்கிறது. முந்தினதைவிடக் கீழ் இடம். விடிய பஸ்ஸில் போகிறாள்.

சரக்கு விசயம். அடுத்த தரம் கடல் திறந்தால் சீனனோடு நீயே பேசிக்கொள், நம்பரை ஏஜென்ட் தருவான். மூட்டையில் என் பெயரைப் போடாதே. போட்டு வந்தால் நான் பொறுப்பெடுக்க மாட்டேன். யோசிக்கத் தெரிந்தவள் என்று எழுதினாய். யோசித்துத்தான் எழுதுகிறேன். கொட்டிலையும் மூடிவிட்டேன். ராக்கம்மா வெள்ளாங்குளத்துக்குப் போய்விட்டாள். போகும்போது ஒரு பகிடியும் விடவில்லை.

முந்தநாள் வெள்ளிக்கிழமை, போயா நாள். பெக்டரி லீவு என்று தெரிந்து, வட்டிலப்பம் கொஞ்சம் எடுத்துக்கொண்டு நசீறாவின் வீட்டுக்குப் போனேன். படலைக் கம்பில் குருத்தோலை ஒன்று முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. பச்சை மாறாத ஓலை. காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது. நீ எழுதின மாதிரியே.

பிள்ளையின் விளையாட்டோ என்று நினைத்து அஸ்னாவைக் கூப்பிட்டேன். ஓடி வந்தாள், புதுப்பல் முளைத்துவிட்டது. படலைக்கு உள்பக்கம் நின்றாள்.

“ஆர் கட்டினது இது?”

“உம்மா.”

“வாப்பாக்கோ?”

“வாப்பா அங்கதானே இருக்கிறார் மாமி. உங்களுக்கெண்டுதான் நினைக்கிறன்.”

தீப்பெட்டியைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. உள்ளே தையல் மிசின் ஓடுகிற சத்தம் கேட்டது. நான் வந்தது அவளுக்குத் தெரியும், மிசின் நிற்கவில்லை. அந்தப் படலை இரண்டு கட்டைக்கு நடுவில் ஒரு தகரம்தான், கையால் தள்ளினால் திறக்கும். அந்த வீட்டுக்கு நான்தான் சம்பந்தம் பேசிப் போனவள்.

பாத்திரத்தைப் படலைக்கு மேலால் பிள்ளையிடம் நீட்டினேன். அவள் உம்மா இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள், பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

நான் வெளியில் நின்றேன்.

சரீபா